வேலையை விட்டு ஏழைகளுக்கான துறவற சபையில் சேர: எதை முதலில், எதைக் கடைசியில்

கைநிறையச் சம்பாதிக்கும் ஒருவர் ஏழைகளோடு வாழ்ந்து அவர்களுக்கே உழைக்கும் துறவற சபை ஒன்றில் சேர முடிவெடுக்கிறார். முடிவு உண்மையானதுதான். ஆனால் வரிசை தவறிப்போகிறது. மனம் பொங்கிய வேகத்தில் ராஜினாமாக் கடிதம் முதலில் போகிறது, வீட்டுக்கு அப்புறம் தெரிகிறது, சபையோடு நிதானமாகப் பேசுவது அதற்கும் அப்புறம் நடக்கிறது. இதைத் தலைகீழாக்குங்கள். சபையை அறிவது முதலில், வீட்டுக் கடமை அடுத்து, கடன் கணக்கு அதன் பின், ராஜினாமா கடைசியில்.

பொறுமை என்றால் ஆர்வக்குறைவு என்று நினைக்க வேண்டாம். அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில் தம் அழைப்பை உணர்ந்தார். தாம் துறவியாக இருந்த லொரேட்டோ மடத்தைவிட்டு வெளியே வந்தது 1948 ஆகஸ்ட் 17 அன்று. நடுவில் கழிந்த ஏறத்தாழ 2 ஆண்டுகளும் பேராயரிடமும் உரோமையிடமும் அனுமதி பெறுவதில் போயின. வெளியே வந்த பிறகும் அவர் நேராகச் சேரிக்குப் போகவில்லை. பாட்னாவில் மருத்துவப் பணிச் சகோதரிகளின் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டார்.

தமிழ்நாட்டில் தனியார் வேலையில் இருக்கும், திருமணமாகாத கத்தோலிக்கருக்காக இது எழுதப்படுகிறது. சீர்திருத்தத் திருச்சபையினரிடமும் இந்த மரபு உண்டு. மருத்துவர்கள் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் அதற்கு நல்ல சான்று. அப்படிப்பட்ட குழுமங்களுக்குத் திருச்சபைச் சட்டம் பற்றிய பகுதிகள் பொருந்தா. மற்றவை பொருந்தும்.

உங்களால் சேர முடியுமா?

திருச்சபைச் சட்டத்தின் 643-ஆம் விதி, 17 வயது நிறையாதவரையும் திருமண பந்தத்தில் இருப்பவரையும் நவதுறவகத்தில் (துறவற உறுதிமொழிக்கு முந்தைய முறையான பயிற்சியில்) சேர்க்கக்கூடாது என்கிறது. நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்றது மட்டும் போதாது. அந்தத் திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்க வேண்டும். முன்பு வேறு சபையில் இருந்தவர் அதை மறைத்துச் சேர்ந்தாலும் சேர்க்கை செல்லாது. 644-ஆம் விதி வேலையில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம்: அடைக்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக்கூடாது. மேல் வயது வரம்பை ஒவ்வொரு சபையும் தானே வைத்துக்கொள்கிறது. பல சபைகள் 30 அல்லது 35-ஐத் தாண்டினால் தயங்கும், சில விதிவிலக்கு அளிக்கும். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

துறவறம்தான் ஒரே வழி என்பதும் இல்லை. திருமணமானவர்களும் பெற்றோரைப் பிரிய முடியாதவர்களும் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து, வேலையில் இருந்தபடியே வாராவாரம் ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கலாம். 1833-இல் பாரிசில் மாணவர்கள் தொடங்கிய அந்தப் பொதுநிலையினர் (துறவிகள் அல்லாதவர்) அமைப்பு இன்று நம் பங்குக் கோவில்கள் பலவற்றில் இருக்கிறது.

வேலையில் இருக்கும்போதே பணியைத் தொட்டுப் பாருங்கள்

குறைந்தது 6 மாதம், வாரம் ஒரு நாள், நீங்கள் சேர நினைக்கும் சபையின் இல்லத்திலோ அதே வகைப் பணி நடக்கும் இடத்திலோ வேலை செய்யுங்கள். விழா நாளில் உணவுப் பொட்டலம் கொடுப்பது இதில் சேராது. படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டுவது, மலம் பட்ட விரிப்பை அலசுவது, பிடிவாதமாக வாயை மூடிக்கொள்பவருக்குக் கஞ்சி ஊட்டுவது, இதெல்லாம்தான் அங்கே அன்றாடம்.

போவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, 1 மாதம் கழித்து இரண்டாவது, 6-ஆம் மாதம் மூன்றாவது. மூன்றும் முடிந்தால்தான் முழுப் பாதுகாப்பு என்பதால் இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளக்கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் எங்கும் ஒன்றுதான். படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். பாவம் பார்த்துத் தூங்குபவரை அப்படியே விடுவதுதான் தவறு. படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, அதன் பின்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கச் செய்யுங்கள். ஆளைத் தூக்கும்போது இடுப்பை வளைத்துத் தூக்குபவருக்கு முதல் மாதமே முதுகு போய்விடும். முழங்காலை மடக்கி, ஆளை உடலோடு சேர்த்துப் பிடித்து, இருவராகத் தூக்குங்கள்.

சிரங்கு பரவினால் ஒருவருக்கு மட்டும் மருந்து போடுவது வீண். 5% பெர்மெத்ரின் களிம்பை இல்லத்தில் இருக்கும் எல்லோரும், பணியாளர் உட்பட, ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும். துணி, விரிப்பு எல்லாவற்றையும் அன்றே வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அவரிடமிருந்து திரும்ப எல்லோருக்கும் தொற்றும். இருமல் 2 வாரத்தைத் தாண்டிய எவருக்கும், உங்களுக்கும், காசநோய்க்கான சளிப் பரிசோதனை தேவை.

இந்த 6 மாதத்தில் உங்களைக் கவனியுங்கள். அருவருப்பு வருவது இயல்பு, பழகினால் போய்விடும். நன்றி கிடைக்காதபோது கோபம் வருகிறதா, உடனிருக்கும் பணியாளர்களோடு ஒத்துப்போக முடிகிறதா என்பவையே பெரிய கேள்விகள். துறவற சபையில் நீங்கள் ஏழைகளோடு மட்டும் வாழப்போவதில்லை. அதே பத்துச் சகோதரிகளோடு, அதே சாப்பாட்டு மேசையில், ஆண்டுக்கணக்கில் வாழப்போகிறீர்கள்.

சபையிடம் கேட்க வேண்டியவை

அழைத்தல் பொறுப்பாளரைத் தொடர்புகொண்டு "வந்து பாருங்கள்" நாள்களுக்கு வர அனுமதி கேளுங்கள். ஒரு வாரம் அல்லது 10 நாள் விடுப்பு எடுத்து உள்ளேயே தங்குங்கள். முகாம் நடக்காத சாதாரண வாரத்தில் இன்னொரு முறை தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு சபைக்கும் தனி அமைப்பொழுங்கு, அதாவது சபையின் சட்டநூல், உண்டு. அதைப் படிக்கக் கேளுங்கள். மறைமாவட்ட உரிமை பெற்ற (ஆயரின் கீழ் உள்ள) சபையா, திருத்தந்தை உரிமை பெற்ற (உரோமையின் கீழ் உள்ள) சபையா என்று கேட்டு, அதை ஆயர் இல்லத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆயரின் ஏற்பு இன்னும் கிடைக்காத குழுமங்கள் எல்லாம் தவறானவை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே உங்களுக்குச் சிக்கல் வந்தால் முறையிட மேலே ஆள் இருக்காது.

பிறகு நேரடியாகக் கேளுங்கள். நோயுற்ற, வயதான உறுப்பினர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? வீட்டுக்கு எப்போது போகலாம், கடிதமும் போனும் எந்த அளவுக்கு? இல்லத்தில் என்ன மொழி? (அன்னை தெரசாவின் சபையில் பொது மொழி ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவர்கள் அதற்குத் தயாராக வேண்டும்.) குழந்தைகள் இருக்கும் இல்லமானால் குழந்தைப் பாதுகாப்பு விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா? கடந்த சில ஆண்டுகளில் பயிற்சியிலிருந்து வெளியேறியவர்கள் எப்படி அனுப்பப்பட்டார்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் விடை சொல்லும் சபையை நம்பலாம்.

சில அறிகுறிகளைக் கண்டால் நின்றுவிடுங்கள்: சேரும்போதே சேமிப்பையோ ஏ.டி.எம். அட்டையையோ கேட்பது, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது, "உடனே வா, யோசித்தால் சாத்தான் தடுப்பான்" என்று அவசரப்படுத்துவது, பெற்றோரிடம் சொல்லாதே என்பது, வெளியில் உள்ள குருவிடம் ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) பெறத் தடுப்பது. உங்கள் மனச்சான்றின் உள் விஷயங்களைத் தன்னிடம் வெளிப்படுத்துமாறு தலைவி எந்த வகையிலும் தூண்டக்கூடாது என்று 630-ஆம் விதியே தடை செய்கிறது. வரதட்சணை போல ஒரு தொகை கொடுத்துச் சேரும் பழைய விதி 1983-இல் வந்த சட்டத்தொகுப்பில் இல்லை. பயிற்சிக் காலச் செலவுக்கு ஏதாவது கேட்டால் தொகையையும் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதெல்லாம் நடக்கும்போதே ஆன்மிக வழிகாட்டி ஒருவர் உங்களுக்கு இருக்க வேண்டும். அவர் நீங்கள் சேரப்போகும் சபையைச் சேராதவராக இருப்பது நல்லது.

வீட்டில் சொல்வது

போனில் சொல்லாதீர்கள். நேரில் போய், அம்மா அப்பா இருவரும் இருக்கும்போது சொல்லுங்கள். வரன் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே சொல்வது அவர்களுக்குச் செய்யும் நியாயம். பெண் பார்த்து, நாள் குறித்த பிறகு வெளிவந்தால் இரண்டு குடும்பங்கள் அவமானப்படும். முதல் நாளே சம்மதம் வாங்கிவிட வேண்டும் என்று உட்காராதீர்கள். அழுகையும் கோபமும் அடங்க மாதங்கள் ஆகும். அந்த மாதங்களையும் கணக்கில் வைத்துத்தான் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறோம். சபையின் பொறுப்பாளரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பிட வையுங்கள். பிள்ளை யாரிடம் போகிறது என்று முகம் தெரிந்தால் பாதிப் பயம் குறையும்.

பெற்றோர் உங்கள் சம்பளத்தில்தான் வாழ்கிறார்கள் என்றால் இறையழைப்பைக் காட்டி அதைத் தாண்டிப்போக முடியாது. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தங்களைக் காத்துக்கொள்ள முடியாத பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை. சட்டத்தை விடுங்கள், பெற்ற தாயைப் பசியில் விட்டுவிட்டு அடுத்த ஊர் ஏழைக்குச் சோறு போடப் போவதை எந்த நல்ல சபையும் ஏற்காது. அண்ணன் தம்பி, அக்கா தங்கையை உட்கார வைத்து யார் எவ்வளவு தருவது என்று பேசி முடியுங்கள். தங்கையின் திருமணச் செலவில் உங்கள் பங்கு என்ன என்பதையும் அப்போதே தீர்த்துவிடுங்கள். யாரும் இல்லை, நீங்கள் ஒரே பிள்ளை என்றால் சபையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தள்ளிப்போடச் சொல்வார்கள், அல்லது வேறு வழி காட்டுவார்கள்.

கடன், காப்பீடு

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: வீட்டுக் கடன், தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, நகைக் கடன், எடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டிய மீதித் தவணை, கைமாற்று, கல்விக் கடன். பலர் மறப்பது நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. அவர் கட்டாமல் போனால் வங்கி உங்களைத் தேடி மடத்து வாசலுக்கே வரும். ஜாமீனை வேறொருவர் பெயருக்கு மாற்றாமல் கிளம்பாதீர்கள். அடைத்த ஒவ்வொரு கடனுக்கும் நிலுவை இல்லைச் சான்று வாங்குங்கள். கிரெடிட் கார்டை வெட்டிப்போட்டால் மூடியதாகாது, வங்கியிடம் எழுதிக்கொடுத்து மூட வேண்டும்.

அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்திருந்தால் நீங்கள் வேலையை விடும் நாளோடு அவர்கள் காப்பும் போகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் புதுப் பாலிசி எடுத்தால் ஏற்கனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுவரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். வேலையில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், ஏற்கனவே காத்திருந்த காலம் கணக்கில் வரும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அவர்கள் தகுதியுள்ளவர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

ராஜினாமா

சபையிலிருந்து சேர்க்கைக் கடிதம், சேர வேண்டிய தேதியோடு, கைக்கு வந்த பிறகே ராஜினாமா. நோட்டீஸ் காலம் 60 அல்லது 90 நாளாக இருக்கலாம். பயிற்சி தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, வீட்டில் இருக்க ஒரு மாதம் சேர்த்து, தேதியைக் குறியுங்கள். காரணம் "சொந்தக் காரணங்கள்" என்பது போதும். பாண்டு எழுதிக்கொடுத்திருந்தால் அந்தத் தொகையையும் கடன் பட்டியலில் சேருங்கள்.

வெளியேறும்போது ரிலீவிங் கடிதம், அனுபவச் சான்று, கடைசி 3 மாதச் சம்பளப் பட்டியல் ஆகியவற்றை வாங்குங்கள். சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று பின்னர்தான் வரும். அது யாருடைய மின்னஞ்சலுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவும் ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

நிரந்தரப் பணியில் தொடர்ந்து 5 ஆண்டு இருந்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, அதை 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்கி, 26-ஆல் வகுக்க வேண்டும். 30,000 ரூபாய், 7 ஆண்டு என்றால் ஏறத்தாழ 1,21,154 ரூபாய். 4 ஆண்டு 3 மாதத்தில் நிற்பவர் அவசரப்படாமல் இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம், குறிப்பாக அந்தப் பணம் பெற்றோருக்குத் தேவை என்றால்.

பி.எஃப். பணத்தை வேலையை விட்டதும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 5 ஆண்டு முடியாமல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவர் அந்த ஓய்வூதியப் பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், பின்னால் மறுபடி வேலைக்குப் போக நேர்ந்தாலும் பழைய காலம் சேர்ந்துகொள்ளும். பணி முடிந்த தேதியை நிறுவனம் பி.எஃப். தளத்தில் ஏற்றிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அரசுப் பணியாளர்கள் மட்டும் தனியாக ஆலோசனை கேளுங்கள். அங்கே ராஜினாமா செய்தால் ஓய்வூதியத்துக்கான முந்தைய பணிக்காலம் பறிபோகலாம், விருப்ப ஓய்வு வேறு கணக்கு.

கைபேசி எண்

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நவதுறவகத்தில் பொதுவாகக் கைபேசி இருக்காது. 90 நாள் பயன்படுத்தாத சிம் முடக்கப்பட்டு, பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். உங்கள் ஆதார், வங்கி, பான், பி.எஃப். எல்லாவற்றின் ஓ.டி.பி.-யும் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஆகவே சிம்மை நம்பிக்கையான உடன்பிறப்பின் போனில் போட்டு, தவறாமல் ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வேலையில் இருக்கும்போதே எல்லா இடத்திலும் எண்ணை மாற்றுங்கள். ஆதாரில் எண் மாற்றுவதைக் கிளம்புவதற்கு முன் நீங்களே முடித்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நாமினி பதிந்து, மற்றவற்றை மூடுங்கள். சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரணக் கணக்காகி, குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம் பிடிக்கலாம். அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுங்கள். 2 ஆண்டு எந்தப் பரிவர்த்தனையும் இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகும்.

சொத்தை எப்போது துறப்பது?

"உம் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடும்" என்ற வார்த்தை நெஞ்சில் விழுந்தவருக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடத் தோன்றும். திருச்சபைச் சட்டம் வேண்டுமென்றே மெதுவாகப் போகிறது. 668-ஆம் விதிப்படி முதல் வார்த்தைப்பாட்டுக்கு (ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற துறவற உறுதிமொழிக்கு) முன் உங்கள் சொத்தின் நிர்வாகத்தை நீங்கள் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்கிறீர்கள். உரிமை உங்களிடமே இருக்கிறது. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னராவது நாட்டின் சட்டப்படி செல்லும் உயில் எழுத வேண்டும். உயிலுக்கு 2 சாட்சிகள் தேவை. உயிலால் பயன்பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கான பங்கு செல்லாமல் போகும். எனவே பயிற்சிக் காலம் முழுதும், வெளியே வர நேர்ந்தால் 6 மாதம் வாழப் போதுமான வைப்புத்தொகையை உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். இது நம்பிக்கைக் குறைவு அல்ல. பணம் இல்லாததால் மட்டுமே உள்ளே தங்கிவிடும் நிலை உங்களுக்கும் நல்லதல்ல, ஏழைகளுக்கும் நல்லதல்ல.

கையில் கொண்டுபோக

திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றுகள், திருமணத் தடை ஏதும் இல்லை என்ற சான்று ஆகியவை 645-ஆம் விதி கேட்பவை. பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம், மருத்துவப் பரிசோதனை முடிவுகள், படிப்புச் சான்றுகளின் நகல்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். அசல்கள் வீட்டில் இருக்கட்டும். மனநலப் பரிசோதனை செய்வதாக இருந்தால் உங்கள் சம்மதம் தேவை, முடிவை யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். தைராய்டு, வலிப்பு, மனச்சோர்வு என எதற்காவது மருந்து சாப்பிட்டால் மறைக்காதீர்கள். உள்ளே போய் மருந்தை நிறுத்தி நிலைமை முற்றுவது உண்மையில் நடக்கிறது. பையில் துவைத்தால் சீக்கிரம் காயும் பருத்தி உடைகள், ரப்பர் செருப்பு, கூடுதல் மூக்குக்கண்ணாடி, 3 மாத மருந்து, விவிலியம் போதும்.

முதல் ஆண்டுகள்

முதலில் சில மாதங்களோ ஓராண்டோ தொடக்கநிலைப் பயிற்சி. பிறகு நவதுறவகம்: குறைந்தது 12 மாதம், கூடினால் 2 ஆண்டு. இடையில் மொத்தம் 3 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நவதுறவுக் காலமே செல்லாது. அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று போகிறவர்கள் நாள்களை எண்ணிக்கொள்ள வேண்டும். 15 நாளைத் தாண்டினால் அந்த நாள்களை ஈடுசெய்ய வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பின் தற்காலிக வார்த்தைப்பாட்டில் 3 முதல் 6 ஆண்டு, எப்படியும் 9 ஆண்டுக்கு மேல் இல்லை. அதன் பிறகே நித்திய வார்த்தைப்பாடு.

வேலை பார்த்து வந்தவர்களுக்குப் பிரார்த்தனையும் விடியற்கால எழுச்சியும் அவ்வளவு கஷ்டமில்லை, சில வாரத்தில் உடல் பழகும். கஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. 20 பேரை நிர்வகித்தவர் ஒரு சோப்புக்கு அனுமதி கேட்க வேண்டும். உடன் பயில்பவருக்கு 19 வயது இருக்கும். கணக்கர் என்று தெரிந்தும் ஓராண்டு பாத்திரம்தான் கழுவச் சொல்வார்கள். இங்கே பலர் இல்லத்தைச் சீர்திருத்தக் கிளம்பிவிடுகிறார்கள்: சமையல் கணக்கு சரியில்லை, மருந்து அலமாரி ஒழுங்கில்லை, இப்படிச் செய்தால் நேரம் மிச்சம் என்று. கருத்து சரியாகவே இருக்கலாம். முதல் 6 மாதம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். நோயாளியின் உயிரைப் பாதிப்பது என்றால் மட்டும் அன்றே சொல்லிவிடுங்கள்.

உணவைக் குறைத்துத் தவம் செய்யாதீர்கள். தம் சகோதரிகள் சோறும் உப்பும் மட்டும் உண்ண வேண்டும் என்றுதான் அன்னை தெரசா முதலில் எண்ணியிருந்தார். பாட்னாவின் மருத்துவச் சகோதரிகள் அதைத் தடுத்து, கடினமாக உழைப்பவர்கள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார். தூக்கம் போவது, காரணமில்லாமல் அழுகை, நோயாளிகளிடம் எரிச்சல் ஆகியவை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

வெளியே வர நேர்ந்தால்

நவதுறவி எந்த நாளும் தாமாக விலகலாம் என்று 653-ஆம் விதி சொல்கிறது. சபையும் அனுப்பலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடியும்போதும் விலகிச் செல்ல உரிமை உண்டு. செய்த பணிக்குக் கூலி கேட்க முடியாது என்றாலும், விலகுபவரிடம் நியாயத்தோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று 702-ஆம் விதி சபையைக் கட்டுப்படுத்துகிறது. ஊருக்குத் திரும்ப, வாடகைக்கு, முதல் மாதச் சாப்பாட்டுக்கு உதவி கேட்பதில் வெட்கமே வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த இல்லத்தில் என்ன பணி செய்தீர்கள் என்று சபையின் தாளில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளிகளைப் பராமரித்த இரண்டு ஆண்டை அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தில் இடைவெளியாக விடாமல் பணி அனுபவமாகவே எழுதலாம், அதற்கு அந்தக் கடிதம் வேண்டும்.